தீக்குலத்துக்காக அழுகிறவர்

உள்ளறையிலிருந்து ஒரு விம்மல் கேட்டது. முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம், அப்புறம் தொண்டைக்குள் எதையோ போட்டு அமுக்குவதுபோல ஒரு கேவல், அதற்கும் பிறகு, தெருவில் போகிறவர்கள் கேட்டால் சங்கு ஊதுகிறவருக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்கிற அளவுக்கு முழுசாக ஒரு "அய்யோ!"

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த பகலவன் துள்ளி எழுந்தான். மடியிலிருந்த துணிப்பை பொத்தென்று தரையில் விழுந்தது.

"ஆன்ட்டி... யாராச்சும் தவறிட்டாங்களா? நான் வேணா இன்னொரு நாளைக்கு வரேன்."

அங்கம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"குந்துப்பா. யாரும் சாவல. நூத்தி எம்பத்தேயாவது எபிசோடு."

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், வாசகரே. பெயர்தான் தெரியாமல் இருந்திருக்கும். மந்திரக் காதல் ரசிகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் நடக்கிற காதல் இவர்களுக்கு ஆகாது. காதலனுக்கு உள்ளங்கையில் நெருப்பு வர வேண்டும், காதலி கண்ணசைத்தால் ஆறு திரும்பி ஓட வேண்டும், இருவருக்கும் நடுவே ஆயிரம் வருஷப் பகையும் ஏழு பூட்டுப் போட்ட கோட்டையும் குறைந்தபட்சம் ஒரு பறக்கும் பாம்பும் இருக்க வேண்டும். இதெல்லாம் இருந்துவிட்டால் உலகத்தில் இவர்களைவிடப் பெரிய புரட்சிக்காரர் கிடையாது. சட்டமா? உடை. குலமா? கொளுத்து. பெற்றவர்களா? பெற்றவர்களைப் பற்றி இவர்கள் சொல்வதை அச்சில் போட முடியாது.

ராயபுரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி அங்கம்மாவின் புருஷன் தாமோதரன். வயது ஐம்பத்தெட்டு. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். ஒரு டிசம்பர் புயலில் படகு கவிழ்ந்து, காலி டீசல் கேனைக் கட்டிப் பிடித்தபடி விடியும்வரை மிதந்தவர், அப்போது அழவில்லை. சொந்த அண்ணன் செத்தபோது அழவில்லை. வெயிலில் கண் கூசுகிறது என்று மட்டும் சொன்னார். ஆனால் தீக்குலத்து அழலன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் தாமோதரன் கண்ணிலிருந்து ஒரு குடம் கொட்டும்.

எல்லாம் தடைக்காலத்தால் வந்தது. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை அறுபத்தோரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குள் போகக் கூடாது. மீன்கள் நிம்மதியாகக் கூடி முட்டையிட வேண்டுமாம். போன வருஷம் அந்த அறுபத்தோரு நாளும் வீட்டிலேயே கிடந்து, குழாய்த் தண்ணீரிலிருந்து குழம்பு உப்புவரை எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தவரின் வாயை அடைக்க, மகள் அம்மு அவர் போனில் தொடர்கதை படித்துக் காட்டுகிற ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். வாய் அடைந்தது. கண் திறந்துகொண்டது. இப்போது இந்த வருஷத்துத் தடைக்காலம்.

கதையின் பெயர் 'நீர்க்கோட்டையில் நெருப்பு'. தீக்குலத்து இளவரசன் அழலன், நீர்க்குலத்து இளவரசி அலைவாணி. அவன் விரலைச் சொடுக்கினால் விறகு பற்றும். அவள் பெருமூச்சு விட்டால் கிணறு பொங்கும். இருவரும் தொட்டுக்கொண்டால் இரண்டு பேருடைய மந்திரமும் ஆவியாகிப் போகும் என்று இரு குலத்துப் பெரியவர்களும் ஆயிரம் வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். தொட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. குறுக்கே நிற்பவன் அலைவாணியின் அப்பன் கடுநீரன். அந்தக் கடுநீரன் மட்டும் காசிமேட்டுப் பக்கம் வந்து தாமோதரன் கையில் கிடைத்திருந்தால், ஐஸ் பெட்டிக்குள்தான் அவன் முடிவு.

தினமும் காலை பதினோரு மணிக்குப் புது எபிசோடு. பதினோரு மணிக்குக் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. மிக்சி ஓடக் கூடாது. தாமோதரன் தோளில் இரண்டு துண்டு போட்டுக்கொள்வார்; ஒன்று வியர்வைக்கு, ஒன்று அழலனுக்கு. எபிசோடு முடிந்த சூட்டோடு 'கடலரசன்' என்கிற புனைபெயரில் கருத்துச் சொல்வார். வலை இழுத்துத் தடித்த விரலுக்குப் போனில் ஒரே நேரத்தில் மூன்று எழுத்து அமுங்கும் என்பதால் எழுத்து கிடையாது, குரல்தான். இதுவரை நானூறு குரல் பதிவுகள். பாதி கடுநீரனுக்குச் சாபம். மீதி, கதையை இழுக்கிற ஆசிரியைக்கு.

இதெல்லாம் அங்கம்மாவுக்கு மனப்பாடம். இன்றைக்கு அவளுக்கு இருந்த கவலை வேறு. நேற்றுத்தான் அம்மு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்: பெயர் பகலவன், கும்மிடிப்பூண்டி வண்டியில் பழக்கம், இவள் ராயபுரத்தில் ஏறுவாள், அவன் கொருக்குப்பேட்டையில் ஏறுவான், இரண்டு வருஷமாயிற்று. ஞாயிற்றுக்கிழமையோ எண்ணூரிலிருந்து தாமோதரனின் அக்கா வகையில் ஒரு கூட்டம் அம்முவைப் பெண் பார்க்க வருகிறது. பார்த்தால் முடிந்தது, அங்கே பேசி வைத்தாயிற்று. இன்று வெள்ளி. நடுவில் ஒரே ஒரு நாள்.

அம்மு அடுப்படிக்குள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அரை மணி நேரமாக ஒரே தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. அன்றைய கருத்தையும் சொல்லி முடித்துவிட்டுத் தாமோதரன் வெளியே வந்தார். கண் இரண்டும் சங்கரா மீன்போலச் சிவந்திருந்தன.

"கேட்டியா அங்கம்மா? பெத்த பொண்ணு கால்ல வியுந்து கதறுது. அந்தக் கய்தே இன்னா பண்ணான் தெர்யுமா? கதவை இய்த்துச் சாத்திட்டான். சொந்தக் கையால!"

"சாத்தட்டும். ஏசி போட்டிருப்பான்."

"உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?" என்றபடி துண்டால் முகத்தைத் துடைத்தவர் அப்போதுதான் பகலவனைப் பார்த்தார். "யாரு இது?"

"உன்னாண்டதான் எதுவோ பேசணுமாம்."

பகலவன் பையை இரண்டு கையாலும் நீட்டினான். தாமோதரன் வாங்கினார். கை சட்டென்று கீழே இறங்கியது. உள்ளே பார்த்தார். முகம் மாறியது.

"ஈயக்குண்டா?"

"வலைக்குக் கட்றதுக்கு அங்கிள். ரெண்டு கிலோ."

அந்த வீட்டுக்குக் கல்யாணம் சொல்ல வந்தவர்கள் வாழைப்பழத்தோடு வந்திருக்கிறார்கள், துக்கம் கேட்க வந்தவர்கள் வாழைப்பழத்தோடு வந்திருக்கிறார்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர் சாத்துக்குடியோடு வந்திருக்கிறார். தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்து வலை பழுதுபார்க்கிற ஒருவருக்கு எது தேவை என்று யோசித்து ஈயக்குண்டு கொண்டுவந்தவன் அதுவரை எவனும் இல்லை. தாமோதரன் ஒரு குண்டை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருந்தது.

"தொயில் தெரிஞ்சவன் எவனோ சொல்லிக் குட்த்துக்கீறான். யாருப்பா?"

"ஒரு பெரியவருங்க."

"நல்ல மனுசன்."

"ரொம்ப நல்லவருங்க," என்றான் பகலவன். அங்கம்மா ஒரு நெத்திலியின் தலையை வேண்டியதைவிட வேகமாகக் கிள்ளினாள்.

"அங்கிள்... நீங்கதானே கடலரசன்?"

தாமோதரன் நிமிர்ந்தார். ராயபுரத்தில் அவரை அந்தப் பெயரால் எவரும் கூப்பிட்டதில்லை.

"நான் தணலுங்க."

தணல் யார் என்று சொல்ல வேண்டும். நான்கு மாதத்துக்கு முன்னால், கடலரசன் யார் என்று அம்மு சொல்லிக் கொடுத்த தைரியத்தில், கருத்துப் பகுதியில் ஒருவன் எழுதினான்: 'என் கதையும் இதேதான் ஐயா. எனக்கு நெருப்போடு வேலை, அந்தப் பொண்ணு தண்ணிக்காரங்க வூடு, கடல்ல தொயிலு. இன்னா செய்யறது?' அன்றிலிருந்து தாமோதரன் அவனைத் தத்தெடுத்துக்கொண்டார். இந்த இனத்துக்கு அழலனைவிடப் பிரியமானது ஒன்று உண்டு. தன்னிடம் யோசனை கேட்கிற அழலன். அந்த நானூறு தவிர, தினமும் குரலில் போதனை. ஓடிப் போகாதே தணலு, ஓட்றவன் கோயை. நேரா அந்த வூட்டுக்குப் போ. பகல்ல போ. முன்வாசல்ல போ. அப்பன்காரன் எதிர்ல குந்தி, கண்ணைப் பாத்துக் கேளு. கடல்காரன் வூடுன்னு சொல்றே, பூ, வாயப்பயம் எல்லாம் எட்த்துகினு போவாதே, ரெண்டு கிலோ ஈயக்குண்டு வாங்கிகினு போ, ஆளு கவுந்துருவான்.

"டேய்! தணலா? நம்ம தணலா?"

இரண்டே எட்டில் வந்து பகலவனைக் கட்டிப் பிடித்தார். முதுகில் தட்டினார். எட்டி நிறுத்தி முகத்தைப் பார்த்தார், மறுபடி கட்டிப் பிடித்தார். "அம்மு! தம்பிக்கு ஜில்லுனு ஒரு கலர் எட்தா! அங்கம்மா, நான் சொல்லிகினே இருப்பேனே, அந்தப் புள்ள! குந்து தணலு. வெவரமா சொல்லு. அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போனியா இல்லியா?"

"போனேன் அங்கிள்."

"சபாசு! பகல்லயா?"

"பதினோரு மணிக்கு."

"முன்வாசல்ல?"

"முன்வாசல்லதான்."

"நான் சொன்னா மாரி ஈயக்குண்டு வாங்கிகினு..."

குரல் அங்கே நின்றது. தாமோதரன் தன் விரலிடுக்கில் இருந்த குண்டைப் பார்த்தார். பையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கலர் பாட்டிலோடு அடுப்படி வாசலில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தார்.

"அப்பன்காரன்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க," என்றான் பகலவன். "இப்பதான் என்னைக் கட்டிப் புட்ச்சாரு."

வெளியே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. தாமோதரன் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தோளிலிருந்த இரண்டு துண்டில் ஒன்று நழுவி விழுந்தது, அழலனுடைய துண்டு.

இந்த இடத்தில் இந்த இனத்தைக் கூர்ந்து கவனியுங்கள். நெருப்புக் குலத்தையும் நீர்க் குலத்தையும் ஒன்றாகக் கலக்கிவிடத் துடித்த அதே வாய், கேட்கிற முதல் கேள்வி எது தெரியுமா?

"எந்த ஏரியா?"

"வேசார்பாடிங்க. அப்பா வரதன், ஹார்பர்ல லாரி ஓட்டிகினு இருந்தாரு. அம்மா தாயம்மா. நான் வள்ளூராண்ட பவர் பிளான்ட்ல பாய்லர்ல கீறேன்."

"வேசார்பாடின்னா..." தாமோதரன் குண்டை உருட்டினார். "நம்ம ஆளுங்களா?"

அந்தக் கேள்வி பகலவனுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில், வேலைக்குச் சேர்ந்த இடத்தில், வாடகைக்கு வீடு கேட்ட தெருவில், விதவிதமான வார்த்தைகளில் கேட்டதுதான். நான்கு மாதமாகத் தோளில் கைபோட்டபடி தம்பி தம்பி என்று பேசிய குரலில் கேட்பதுதான் புதிது.

"எங்க வூட்டு செவுத்துல புத்தர் படம் மாட்டிக்கீறோம் அங்கிள்," என்றான் நிதானமாக. "நீங்க கேட்டது அத்தானே?"

தாமோதரன் தொண்டையைச் செருமினார். "தோ பாரு. நான் அதெல்லாம் பாக்குற ஆளே கெடையாது."

வாசகரே, ஒருவர் இப்படி ஆரம்பித்தால் அடுத்து ஒரு 'ஆனா' வரும். வந்தே தீரும். எண்ணிக்கொண்டே இருங்கள்.

"ஆனா எங்க சைடுல அக்கா கீது. அத்து பேஜாருக்குப் பொறந்தது. ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவான். எனுக்கு ஒண்ணும் இல்ல. அம்முக்காகத்தான் சொல்றேன், நாளைக்கு அதுக்குத்தான் கஸ்டம். அப்பால, பாய்லர் வேலைன்றே, நெருப்பு வேலை, இன்னா கேரண்டி? கதை வேற தணலு, வாய்க்கை வேற."

"அப்டியா?" அங்கம்மா கையைக் கழுவாமலே எழுந்தாள். விரலெல்லாம் செதில் மினுங்கியது. "நீ நாலு நாளு கடலுக்குப் போவியே, அதுக்கு மட்டும் கேரண்டி இருந்துதா? எங்க அப்பன் இன்னா கேரண்டி பாத்து என்னை உனக்குக் குட்த்தாரு?"

"நீ சொம்மா இரு."

"இர்க்க மாட்டேன். யோவ், கடல்ல கீற மீனு ஒண்ணோட ஒண்ணு சேர்ணும்னு அறுவத்தோரு நாளு படகைக் கட்டிப் போட்டுட்டு கம்முனு கரையில குந்திகினு கீறே. எந்த மீனு எந்த மீனோட சேருதுன்னு போய்ப் பாத்தியா? அத்து இன்னா ஆளு, இத்து இன்னா ஆளுன்னு கேட்டியா? பெத்த பொண்ணுக்கு ஒரு நாளு வுட மாட்டியா?"

தாமோதரன் வாயைத் திறந்தார். பதில் வந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து அல்ல.

உள்ளறையிலிருந்து வந்தது. அவருடைய குரல்தான், அழுது கரகரத்துப் போன, பத்து நிமிஷத்துக்கு முந்தைய குரல். எப்போது பாட்டிலைப் பகலவன் கையில் கொடுத்துவிட்டு நழுவி உள்ளே போனாளோ, அம்மு அவர் போனை எடுத்து அமுக்கியிருந்தாள்.

"டேய் கடுநீரா! நீயெல்லாம் ஒரு அப்பனாடா? நெருப்புன்னா இன்னாடா, தண்ணின்னா இன்னாடா? அந்தப் புள்ள உன் வாசல்ல வந்து மரியாதையா நிக்குது, அதோட மூஞ்சியப் பாத்து குலம் கேக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல? கதவைச் சாத்துன அந்தக் கையி அயுகிப் போவ!"

பதிவு முடிந்தது. கீழே இருநூற்றுப் பதினோரு பேர் கைதட்டியிருந்தார்கள். அம்மு அதையும் வாய்விட்டுப் படித்தாள்.

ஒரு நல்ல தொடர்கதையில் அப்பன் இந்த இடத்தில் உடைந்து அழுது, இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்துவைப்பான். தாமோதரனும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். தனக்குள்ளிருந்து அந்தக் கண்ணீர் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை. நானூறு பதிவுக்கும் அழுது தீர்த்தாயிற்றே, மிச்சம் ஏது? வியர்வைதான் வந்தது. அதற்கான துண்டால் துடைத்துக்கொண்டார்.

"யோசிக்கணும்," என்றார். "ஞாயித்துக்கியமை அவங்க வந்துட்டுப் போவட்டும். அப்பால ஒரு பத்து நாளு கய்ச்சு... பாக்கலாம்."

"அந்தக் கதைக்காரி இப்டி இய்த்தப்ப ஒத்த ஸ்டார் போட்டியே," என்றாள் அங்கம்மா. "உனுக்கு நான் எத்தினி போட்டும்?"

பகலவன் எழுந்தான். கலரைக் குடிக்கவில்லை, பாட்டிலைச் சிந்தாமல் ஓரமாக வைத்தான்.

"நான் கெளம்பறேன் அங்கிள். நீங்க சொன்ன மாதிரி வந்து கேட்டுட்டேன். ஓட மாட்டேன். மறுபடியும் பகல்லதான் வருவேன், முன்வாசல்லதான் வருவேன். குண்டு இருக்கட்டும், படகு எறங்கும்போது வலைக்கு வேணும்ல." அங்கம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

தெருவில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. திறந்த வாசல் வழியே டீசல் புகையும் வெயிலும் சேர்ந்து உள்ளே வந்தன. அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவும் ஒரு நிமிஷத்துக்கு மேல் திறந்திருக்காது.

"பொகை வருது," என்றாள் அங்கம்மா. அவள் குரலில் ஒன்றுமே இல்லை. "கதவைச் சாத்துய்யா."

தாமோதரன் எழுந்து போனார். கதவின் மேல் கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் ஊறி, கயிறு அறுத்து, நகம் கறுத்த கை.

"அங்கம்மா, நீ வந்து சாத்து."

"என் கையி மீனு கையி."

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். இருமினார். புகை உள்ளே வந்துகொண்டே இருந்தது. அப்போது அம்மு உள்ளறையிலிருந்து வந்தாள், தோளில் பையோடு. அப்பாவின் போனை அவர் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"நான் ஸ்டேசன் வரிக்கும் போய் வண்டி ஏத்திட்டு வந்துர்றேன் நைனா. பயப்படாதே, ஓடில்லாம் போவ மாட்டேன். ஓட்றவன் கோயைன்னு நீதானே சொல்லிக்கீறே. எண்ணூருக்கு, வர வேணாம்னு நீ போன் பண்றியா, நான் பண்ணட்டா? வந்து கேக்கறேன்."

தாமோதரன் மகளைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். லாரிகளுக்கு நடுவே பகலவன், கையைக் கண்ணுக்குமேல் குடைபோல வைத்தபடி, இந்த வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் நின்றிருந்தான்.

"வெயிலு ஜாஸ்தியா கீது," என்றார் கடைசியில். "கொடை எட்த்துகினு போ." கொஞ்சம் விட்டு, தெருவைப் பார்த்தபடியே, "பெரிய கொடைய எட்த்துகினு போ," என்றார்.

இதைச் சம்மதம் என்று அங்கம்மா எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் குடை என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆணியிலிருந்த பெரிய குடையை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

இவ்வளவு நேரமும் நீங்கள் பகலவன் பக்கம்தான் நின்றீர்கள், இல்லையா வாசகரே? தாமோதரனைப் பார்த்து ஒருமுறையாவது பல்லைக் கடித்திருப்பீர்கள். எந்த ஏரியா என்று கேட்டபோது உங்களுக்குக்கூடச் சுருக்கென்றிருக்கும். நல்லது. கதையில் வருகிற பையன் பக்கம் நிற்பது சுலபம். அவன் உங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார மாட்டான். உங்கள் தோளிலும் கிடக்கிற இரண்டு துண்டையும் மட்டும் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள், எது நனைந்திருக்கிறது என்று. அப்படியே, உங்கள் வீட்டில் இன்று யாராவது அரை மணி நேரமாக ஒரே தம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கிறார்களா என்று அடுப்படியையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

அம்மு படியிறங்கி, திரும்பி, கதவைப் பிடித்திருந்த அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"நீ சாத்தாதே நைனா. நான் சாத்திக்கிறேன்," என்று சொல்லி, வெளியே நின்றபடி, தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினாள்.